யார் சொல்லிக் கேட்டது

லிஃப்ட் பழுது பார்ப்பவரின் மகள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். உம்மா இறந்தபோது அவள் கைக்குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்க வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆலிமா ஆசிரியையாக வந்தார். கேள்வி-பதில் புத்தகத்தை ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கால அறிஞர்கள் ஒரு நபிமொழியை எப்படிச் சோதித்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். யார் யாரிடம் கேட்டது, இருவரும் நேரில் சந்தித்தவர்களா, நடுவில் ஆள் விட்டுப்போயிருக்கிறதா என்றெல்லாம். பரீட்சைக்கு இது உதவுமா என்று சில பெற்றோர் முணுமுணுத்தார்கள்.

"உங்க வீட்டுல அடிக்கடி சொல்ற பேச்சு ஒண்ணு சொல்லுங்க. பழகிப் பார்ப்போம்" என்றார் ஆலிமா.

வக்கீல் எழுந்தாள். "எங்க உம்மா சொன்னது. அழறதா இருந்தா சாப்பிட்டுட்டு அழு."

"நீ காதால கேட்டியா?"

"இல்ல. வாப்பா சொல்லுவாங்க."

"அப்போ நடுவுல வாப்பா இருக்காங்க. அவங்களை விசாரிச்சுட்டு வா."

அன்று மாலை வாப்பா கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வக்கீல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க நேர்ல கேட்டீங்களா?"

"நேர்லதான்."

"இதே வார்த்தையா, அர்த்தம் மட்டுமா?"

அவர் கை நின்றது. அவருடைய தகப்பனார் மௌத்தாகி அடக்கமான அன்று, மனைவி தட்டோடு வந்து சொன்ன பேச்சு அது. தட்டு நினைவிருந்தது. வார்த்தை இல்லை.

"அப்போ கூட யாரு இருந்தா?"

"உன் சாச்சி."

மனைவியின் தங்கையோடு அவர் பேசி வருடங்களாகிவிட்டன. மனத்தாங்கல் ஒன்றுமில்லை. அவளுக்கு அச்சு அசல் அக்காவின் குரல். அதற்குப் பயந்தே எந்தச் சேதியையும் எழுதி அனுப்பிவிடுவார்.

வக்கீல் விடுவாளா? போனை எடுத்துச் சாச்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விசாரித்தாள்.

"சாப்பிட்டுட்டு அழுன்னா சொன்னா?" என்றாள் சாச்சி. "'அழுதுக்கிட்டே சாப்பிடுங்க, சோத்துக்கு உப்பு மிச்சம்'னு சொன்னா. அந்த அழுகையிலயும் நீங்க சிரிச்சீங்களே மச்சான், மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். இத்தனை வருடமும் மகளுக்குப் புத்திமதியை மட்டும் கொடுத்துவந்திருக்கிறார். மனைவியின் கேலியை எங்கேயோ தொலைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். சாச்சி சொன்னாள். கையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிவரப் போனபோது வகுப்பு முடியவில்லை. பலகையில் இரண்டு வாக்கியங்களும் இருந்தன.

"எது சரி?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ரெண்டு பேரும் நேர்ல கேட்டவங்க. அதனால ரெண்டையும் எழுதி வைப்போம்" என்றார் ஆலிமா. "வார்த்தையில சந்தேகம் இருந்தா, கடைசியில 'அல்லது அவங்க சொன்னது போல'ன்னு சேர்த்துக்குவாங்க அந்தக் காலத்துல."

பலகையில் உம்மா என்ற சொல்லிலிருந்து வாப்பா என்ற சொல்லுக்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. நடுவில் யாரும் இல்லை. வக்கீல் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.