பதினாலு கேள்வி முடியும்வரை

அமெரிக்காவில் ஐம்பது மாநிலம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றே வகைதான். நியூயார்க், நியூஜெர்சிப் பக்கம் போனை எடுத்ததுமே "என்ன வேணும், சீக்கிரம் சொல்லு" என்று பாய்வார்கள். மனசு வந்தால் நாலு நிமிஷத்தில் பதில் சொல்லி முடிப்பார்கள், வராவிட்டால் காது கூசுகிற மாதிரி திட்டுவார்கள். மினசோட்டாக்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லவே ஐந்து நிமிஷம் ஆகும். அலபாமா, ஜார்ஜியா என்று தெற்கே போனால் ஒரே தேன். கண்ணு, செல்லம் என்று அரை மணி பேசிவிட்டு, ஒரு கேள்விக்கும் பதில் தராமல் ஆசீர்வாதம் பண்ணி வைத்துவிடுவார்கள். ஆனால் மூன்று வகையும் ஒரு விஷயத்தில் ஒன்று: நாடு நாசமாய்ப் போய்விட்டது. யாரால் போனது என்பதில்தான் சண்டை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதுதான் என் பிழைப்பு. என் பெயர் வனஜா. திருப்பத்தூரிலிருந்து வந்து ஆறு வருஷமாக பெங்களூர் ஜோகுபாளையத்தில் குடியிருக்கிறேன். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அமெரிக்கர்களுக்குப் போன் போட்டு அரசியல் கருத்துக் கேட்கிற வேலை. விடிகாலை நாலரைக்கு ஷிப்ட். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். கைபேசியைக் கீழே லாக்கரில் போட்டுவிடவேண்டும், பேனா பேப்பர் கூடாது, இன்டர்நெட் கிடையாது. நாமாக ஓர் எண்ணையும் அழுத்த முடியாது, கம்ப்யூட்டரே போட்டுப் போட்டுத் தள்ளும். எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்கிருந்து பேசுகிறோம் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கே வீடு.

அன்றைக்கு மணி ஆறு இருக்கும். திரையில் ஹார்லன் என்று பெயர், அலபாமா என்று மாநிலம். அவ்வளவுதான் எங்களுக்குக் காட்டுவார்கள். எழுபத்தெட்டு வயது என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. கேள்வி கேட்கலாமா என்றேன். "தாராளமா கேளுங்கம்மா" என்றார். அப்பாடா, மாட்டினார் ஒருத்தர் என்று பிடித்துக்கொண்டேன். அதுவரை ஒரு சர்வேகூட முழுசாக முடியவில்லை எனக்கு.

பதினாலு கேள்வி. நாடு சரியான வழியில் போகிறதா? இல்லை. அரசாங்கத்தை நம்புகிறீர்களா? இல்லை. பத்திரிகைகளை? இல்லை. அக்கம்பக்கத்தாரை? அதற்குக் கொஞ்சம் யோசித்து, இல்லை என்றார். நடுவில் இரண்டு தரம் முனகினார். மூட்டுவலியாக இருக்கும் என்று அடுத்த கேள்விக்குத் தாவினேன். பதினோரு நிமிஷத்தில் முடித்து, நன்றி சொன்னேன்.

"உங்க வேலை முடிஞ்சுதாம்மா?" என்றார். "அப்படின்னா ஒரு சின்ன உதவி கேக்கலாமா? காலையிலேர்ந்து சமையலறைத் தரையில விழுந்து கெடக்கேன். இடுப்பெலும்பு போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."

"ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"நீங்க பேசிட்டிருந்தீங்களே. ஒரு பொண்ணு வேலை பார்க்கறப்போ குறுக்க பேசறது மரியாதை இல்லம்மா."

மரியாதையாம் மரியாதை! எலும்பு முறிந்து கிடக்கிற மனுஷரிடம் பத்திரிகையை நம்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவருடையது மடக்கு போன். விழுந்ததில் எண் பொத்தான்கள் நொறுங்கிவிட்டன. மணி அடித்தால் திறந்து பேசலாம், அவராக யாரையும் கூப்பிட முடியாது. காலையிலிருந்து மணி அடித்தது இரண்டே தரம், இரண்டும் தேர்தல் பிரச்சாரப் பதிவுக் குரல். மனுஷக் குரல் நான்தான் முதல். நான் வைத்தால் அவர் கதி அதோகதி.

கையைத் தூக்கி எங்கள் டீம் லீடர் ரெமிஜியஸைக் கூப்பிட்டேன். விவேக் நகர்க்காரர், ஐம்பத்திரண்டு வயசு, விதிமுறையைப் பைபிளுக்கு அடுத்தபடி வைத்திருப்பவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"கட் பண்ணும்மா வனஜா. நம்ம வேலை இல்ல இது. ஆடிட்ல ரெக்கார்டிங்கைக் கேட்டான்னா ரெண்டு பேரும் காலி. இந்த வயசுல எனக்கு எவன் வேலை கொடுப்பான்?"

"அவர் செத்துப்போனா, ரெமி சார்?"

"சும்னே இரு, யோசிக்க விடு!" என்று கன்னடம் கலந்து சீறினார். எங்கள் மாடியில் அவர் மேஜையிலிருந்து மட்டும்தான் எண் அழுத்திக் கூப்பிட முடியும். ஒரு நிமிஷம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "ஏசப்பா, என்னை மாட்டி விடறாளே" என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார். அந்த ஊர் அவசர எண்ணை அழுத்தினார். இங்கிருந்து அது போகவே போகாதாம். கைபேசியில் தேடலாம் என்றால், லாக்கரைப் பூட்டிச் சாவியோடு போன செக்யூரிட்டி ஆபீசர் ஏழரைக்குத்தான் திரும்புவார்.

"உங்களுக்கு யார் நம்பராவது மனப்பாடமா தெரியுமா சார்?" என்று ஹார்லனைக் கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எண் தெரியும், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை என்றார். இரண்டு தேர்தலுக்கு முன்னால் அந்த ஆள் வாசல் புல்தரையில் ஒரு கட்சிப் பலகை நட்டார், இவர் எதிர்க்கட்சிப் பலகையை நட்டார். முப்பது வருஷச் சிநேகிதம் அதோடு சரி. எங்கள் ஜோகுபாளையத்தில் தண்ணீர் லாரிக்காகக் குடுமியைப் பிடித்தவள், மறுநாள் இட்லி மாவு கேட்டு வந்து நிற்பாள். இவர்கள் என்ன ஜென்மங்களோ என்று எரிச்சல் வந்தது.

ரெமி சார் அந்த எண்ணைப் போட்டு என் லைனோடு சேர்த்தார். தேன் ஒழுகுகிற குரல். "சார், உங்க பக்கத்து வீட்டு ஹார்லன் கீழ விழுந்து..." என்று ஆரம்பித்தேன். சந்தேகப்பட என் உச்சரிப்பே போதாதா?

"இந்த மாதிரி மோசடிப் போனெல்லாம் நாங்க எடுக்கறதில்ல கண்ணு. உனக்கு நல்ல சாயங்காலமா அமையட்டும்." வைத்துவிட்டார். மறுபடி போட்டால் மணியே போகவில்லை, பிளாக் பண்ணிவிட்டார்.

"வேற நம்பர் சார்!"

"மக ஒருத்தி இருக்கா, நியூஜெர்சியில. வேணாம்மா. மூணு வருஷமாச்சு பேசி. நான் ஓட்டுப் போட்ட ஆளைப் பத்தி ஆரம்பிச்சு, என்னைப் பத்தி முடிச்சா. செத்தாலும் அவளைக் கூப்பிட மாட்டேன்."

"நல்லா செத்துப்போங்க!" என்று கத்திவிட்டேன். மொத்த மாடியும் திரும்பிப் பார்த்தது. "நான் இங்க வேலையைப் பணயம் வெச்சிட்டு உக்காந்திருக்கேன், உங்களுக்கு ரோஷம் கேக்குதா? நம்பரைச் சொல்லுங்க!"

சொன்னார்.

மகள் டெனிஸ் எடுத்த எடுப்பில் ஒரு கெட்ட வார்த்தை, பிறகு "யார் நீ?" நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. "இது ஏமாத்து வேலைன்னா உன்னைத் தேடி வந்து உதைப்பேன். மூச்சு விடறாரா? நினைவு இருக்கா? எந்தப் பக்கம் அடி?"

"டெனிஸ்..." என்று ஹார்லன் குரல் வந்தது.

"வாயை மூடிட்டு அசையாம கெடங்கப்பா!" என்றாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் அழுகிறது கேட்டது. "ஏ பொண்ணு, நீ லைனை விடாதே. வேற போன்ல போலீஸைக் கூப்பிடறேன்" என்று போய்விட்டாள்.

காத்திருந்தோம். அவர் தூங்கிவிடக்கூடாதே என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். பெங்களூரிலிருந்து பேசுகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். "அவ்வளவு தூரத்துலேர்ந்தா?" என்று ஆச்சரியப்பட்டார். அதற்கப்புறம் பதில்கள் குறைந்தன. பிறகு நின்றே போயின. சார், சார் என்று நான் கூப்பிடக் கூப்பிட மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். கதவை உடைக்கிற சத்தம், பூட்ஸ் சத்தம், யாரோ இரண்டு பேர் அவசரமாகப் பேசுவது, உடனே போன் அறுந்தது.

டெனிஸ் திரும்பி வந்தாள். "என்ன ஆச்சு?"

"ஆளுங்க வந்துட்டாங்க மேடம். லைன் கட்டாயிடுச்சு."

"கடைசியா எப்போ பேசினார்?"

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "அஞ்சு நிமிஷமா பேசல."

எதையோ மேஜையில் அறைந்த சத்தம் கேட்டது. பிறகு, "எங்க ரெண்டு நம்பரையும் உங்க லிஸ்ட்லேர்ந்து எடு. இனிமே அந்த வீட்டுக்கு எவனும் போன் பண்ணி அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார்னு கேக்கக்கூடாது" என்று வைத்துவிட்டாள்.

எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆகவேண்டும். அதற்கென்று ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் எங்கள் திரை, ரெமி சார் திரை எல்லாவற்றிலிருந்தும் எண்கள் அழிந்துவிடும். அவள் கேட்டது நியாயம்தான். ரெமி சார் போட்டுச் சேர்த்ததால் அவள் எண் மட்டும் என் திரையில் தெரிந்தது. அழுத்துவதற்கு முன்னால் ரெமி சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மக நம்பரை மனசுல ஏத்திக்கம்மா, எனக்கு நிக்காது. வெளிய போய் என் மொபைல்லேர்ந்து கேட்டுடலாம், ஆள் என்ன ஆனார்னு" என்றார். அவரா இப்படிப் பேசுகிறார் என்று இருந்தது.

பத்து எண்களையும் மூன்று தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அழுத்தினேன். திரை வெளுத்தது. மூச்சு விடுவதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த ஆளைத் தள்ளிவிட்டது. ஒஹாயோவில் ஒரு அம்மா. நாமாக வைக்கக் கூடாது, அவர்கள்தான் வைக்கவேண்டும். பிறந்த வருஷம் கேட்டேன், சொன்னாள். வீட்டில் எத்தனை பேர், சொன்னாள். அஞ்சல் எண், அதையும் சொன்னாள். நாடு எப்படிப் போகிறது என்று ஒரு கதை அளந்தாள்.

அவள் வைத்தபோது என் வாயில் முதல் ஆறு எண்கள்தான் இருந்தன. மீதி நாலும் ஒஹாயோக்காரியின் அஞ்சல் எண்ணோடு குழம்பிப்போயின. ரெமி சார் தன் மேஜையிலிருந்து, நினைவிருக்கிறதா என்பது போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டவில்லை. அடுத்த ஆள் லைனில் வந்துவிட்டார்.