அம்சவேணியின் பேரில் ஒரு தீர்ப்பு நகல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலூரில், நீதிமன்ற நகல் பிரிவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சு. என் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் பாஸ்போர்ட்டுக்காகத் தேவைப்பட்டது. வைத்திருந்தது சத்துவாச்சாரிக்கு வீடு மாறியபோது எந்த அட்டைப்பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை. பெட்டிகளைப் பிரித்தால் கல்யாண ஆல்பமும் வெளியே வரும். அதற்குப் பயந்து புதிய நகலுக்கு மனு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் உன் கதையையே எழுத வேண்டியதுதானே என்பீர்கள். எழுதிப் பார்க்காமலா இருப்பேன்? எப்படித் தொடங்கினாலும் இரண்டாவது வரியிலேயே நான் ரொம்ப நல்லவளாகவும் அவர் ரொம்ப மோசமானவராகவும் ஆகிவிடுகிறோம். படிக்கச் சகிக்கவில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தங்கையின் கதையை எடுத்துக்கொண்டேன்.

2

"வெயில் கொளுத்திய ஒரு வைகாசிக் காலையில், ஆம்பூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள்..."

வேண்டாம். வேலூர்க் கதை என்றாலே வெயிலை இழுத்துக்கொண்டு வருவதா?

"தோல் வாடை ஊறிய ஊரில் பிறந்து..."

இதுவும் வேண்டாம். அவர்கள் மேல் சோப்பு வாசனைதான் அடித்தது.

"அக்காவின் பெயரில் தங்கை விவாகரத்து வாங்கியிருந்தாள்."

இது இருக்கட்டும். குழப்பமான வாக்கியம்தான், ஆனால் நடந்தது அதுதான். மெதுவாகச் சொல்கிறேன்.

3

அக்கா அம்சவேணி, தங்கை தீபலட்சுமி. (இரண்டும் நான் வைத்த பெயர்கள். ஏற்கெனவே ஒரு பெயர் இடம் மாறியதால் அவதிப்படுகிறவர்களுக்கு, என் பங்குக்கு நானும் மாற்றியிருக்கிறேன். மன்னிக்கட்டும்.)

"உங்களுக்கும் டைவர்ஸா மேடம்?" என்று ஆரம்பித்தது தங்கைதான். ஆமாம் என்றதும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அக்கா மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். யாராவது ஒருத்தி ஷூ கம்பெனிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பதினெட்டு முடிந்தவள் அக்கா. ஆனால் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டும் தெம்பு அவளுக்குத்தான் இருந்தது. தங்கைக்குக் கம்பெனியில் சேரும் வயசு இல்லை. அதனால் அக்காவின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தங்கை போனாள்.

"எங்க தெருவுல பாதிப் பேரு அப்படித்தான் மேடம் போனாங்க. யாரும் தப்பா நினைக்கல. கம்பெனி கேட்டுல அம்சவேணின்னு கூப்ட்டா நான் திரும்பணும், அவ்ளோதான்."

திரும்பித் திரும்பிப் பழகிவிட்டது. ஷூவின் மேல்தோல் தைக்கும் லைனில் அவள் அம்சவேணி. கட்டிங் பிரிவிலிருந்த மகேந்திரனுக்குப் பிடித்துப்போனதும் ஓர் அம்சவேணியைத்தான். உண்மைப் பெயரைக் கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட்டாள். ஆனால் பதிவு ஆபீசில் காட்டக் கையில் இருந்தது கம்பெனி அட்டையும் அந்தச் சான்றிதழும்தான். ஆக, காகிதத்தில் மகேந்திரனுக்கு மனைவியானது அம்சவேணி. சில வருஷம் கழித்து அடி தாங்காமல் கோர்ட்டுக்கு வந்தபோது, வக்கீல் கல்யாணச் சான்றிதழைப் பார்த்து அதே பெயரில் மனு எழுதினார். தீர்ப்பும் அதே பெயரில் வந்தது. அதன்பின் அவள் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு, வேறொரு இடத்தில் தன் சொந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

தாலியே கட்டாத அம்சவேணி, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குள்ளேயே கல்யாணமாகி, விவாகரத்தும் ஆகிவிட்டாள்.

4

அம்மா போன பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயசில், அம்சவேணிக்கு ஒரு வரன் வந்தது. குடியாத்தத்தில் பவர்லூமில் லுங்கி நெய்யும் நந்தகோபால். மனைவியை இழந்தவர். அவருடைய அக்கா மருமகள் ஆம்பூரில் அதே பழைய கம்பெனியில் வேலை செய்கிறாள். விசாரித்திருக்கிறாள். "கோவிந்தசாமி பொண்ணு அம்சவேணியா? அது டைவர்ஸ் ஆன பொண்ணாச்சே" என்று அங்கிருந்த பழைய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நந்தகோபாலைக் கோபக்காரராக ஆக்க முயன்றேன். தரகரை அனுப்பிக் கத்தவைத்தேன். ஒரு பக்கம் எழுதிக் கிழித்தும் போட்டேன். மனுஷர் நல்லவர், அதுதான் பேஜார். அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "எனக்கும் ரெண்டாவது, அவங்களுக்கும் ரெண்டாவது. யாரும் யாரையும் குத்திக் காட்ட வேணாம். பதிவு பண்ண தீர்ப்புக் காப்பி மட்டும் எடுத்து வெச்சா போதும்."

உண்மையை அவரிடம் சொல்லிவிடலாமே? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன்.

"குடியாத்தத்துல சொன்னா சாயங்காலம் ஆம்பூருக்கு வந்துடும் மேடம்" என்றாள் தீபலட்சுமி. "அந்தாளு இன்னும் அங்கதான் வேலை செய்யறான். பொய்ப் பேர்ல வாங்கினது செல்லாதுன்னு கேஸப் போட்டா? மறுபடி வந்து வாசல்ல நிப்பான்."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "நிக்க வாணாம்" என்றாள்.*

*(சட்டம் தெரிந்த வாசகர்களே, தீர்ப்பு செல்லுமா செல்லாதா என்று எனக்கு எழுதிப்போட வேண்டாம். அவள் பயந்தாள். கதைக்கு அது போதும்.)

5

ஜன்னலுக்கு முதலில் போனது தங்கை. எந்த வருஷம், எந்த கோர்ட் ஹால், எந்த வக்கீல், எல்லாம் அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் திருப்பத்தூருக்கு அலைந்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆம்பூர் இப்போது அந்த ஜில்லா. ஆனால் ஜில்லா பிரியும் முன்பு முடிந்துபோன கேஸ், கட்டு இங்கேயே தங்கிவிட்டது.

உள்ளே இருந்தவர் ஆதாரைப் பார்த்தார். "நீங்க தீபலட்சுமி. கேஸ்ல நீங்க யாரும் இல்லியேம்மா. மூணாவது ஆளுக்குக் காப்பி வேணும்னா, எதுக்கு வேணும்னு அபிடவிட் போடணும். ஜட்ஜ் ஆர்டர் ஆகணும்."

"நான் தங்கச்சிங்க."

"தங்கச்சின்னாலும் மூணாவது ஆளுதாம்மா. மனுதாரர் உயிரோட இருக்காங்கல்ல? வரச் சொல்லுங்க."

"தீபலட்சுமியின் கண்களில்..."

(கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.)

அம்சவேணி எழுந்து போனாள். வழக்கு எண்கூட அவளுக்குத் தெரியாது. ஆதார் அட்டையை நீட்டினாள், பெயரும் அப்பா பெயரும் சரியாக இருந்தன. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வேறு ஒரு கேள்வியும் அவளை யாரும் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

6

முடிவுகள் என்று நான் யோசித்து வைத்தவை:

நகலை வாங்கிய கையோடு அம்சவேணி கிழித்துப் போடுகிறாள். (யாரிடமும் கத்திப் பேசாத பெண் கோர்ட் வாசலில் காகிதம் கிழிப்பாளா? எனக்குக் கைதட்டல் வாங்கத்தான் அது உதவும்.)

நந்தகோபாலுக்கு எல்லாம் முன்பே தெரியும், சிரித்துக்கொண்டே... (வாக்கியத்தை முடிக்க மனசு வரவில்லை. சிரித்துக்கொண்டே தீர்த்துவைக்க வாழ்க்கையில் யாரும் வந்து நான் பார்த்ததில்லை.)

தீபலட்சுமி துணிந்து நீதிபதி முன்னால் போய் நிற்கிறாள். (நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியைத் துணியச் சொல்வது சுலபம்.)

மூன்றையும் விட்டுவிட்டேன். ஒன்றாக மனுப் போட்டதால், நகல் வாங்கவும் ஒரே நாளில் வந்தோம். அன்று அதே பெஞ்சில் கேட்டதை எழுதுகிறேன். கேட்டிருக்கக் கூடாதுதான். காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

7

"அவங்க வீட்டுல கேப்பாங்க தீபா. ஏன் பிரிஞ்சன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள் அக்கா. "எனக்குச் சொல்லிக்குடு."

"காப்பியில எல்லாம் எழுதியிருப்பாங்கக்கா."

"அது வக்கீல் எழுதினது. நீ சொல்லு."

தங்கை அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானதற்கு. ஓவர்டைம் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தாமதமாக வந்ததற்கு. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்பதற்கு. மிஷின் ஊசி விரலில் ஏறியதாக வீட்டில் சொன்னாளே, அது ஊசி இல்லை. அம்மாவைப் பார்க்க வராமல் இருந்த அந்த மாசம் அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, கன்னம் வீங்கியிருந்தது.

அக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சை அன்று சொல்லிக்கொள்வது மாதிரி. "உப்பு... பஸ்... கன்னம்..." நடுவில் நிறுத்தினாள்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ அம்மாவையும் பார்த்துக்கினு, இதையும் எங்க வெச்சிப்ப?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடிக்கும்போது இன்னா சொல்லி அடிப்பான்?"

"பேரு சொல்லித்தான். கம்பெனிப் பழக்கம் அவனுக்கு, அம்சா, அம்சான்னுதான் கூப்பிடுவான்."

நான் என் பையைத் திறந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தேன்.

"ஒரு நல்ல நாளுகூட இல்லியாடி?" என்றாள் அக்கா கடைசியில். "அதையும் கேட்டா?"

"இருந்துச்சு. பாலாத்துல தண்ணி வந்துச்சே, அந்த வருஷம். ஊரே பார்க்கப் போச்சு. என் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அவன் குனிஞ்சு எடுத்து, கழுவி, கையிலயே வெச்சிக்கினு நடந்து வந்தான். அன்னிக்கு மட்டும் தீபான்னு கூப்ட்டான்."

அம்சவேணி இதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"அது எனக்கு வாணாம். நீயே வெச்சிக்கோ" என்றாள்.

ஜன்னலிலிருந்து "அம்சவேணி!" என்று கூப்பிட்டார்கள். தங்கை சட்டென்று எழுந்துவிட்டாள். அக்கா அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

8

இதற்குமேல் எனக்குத் தெரியாது. என் நகலை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். குடியாத்தத்தில் பத்திரிகை அடித்தார்களா, அந்த மருமகளோடு பழைய கம்பெனி ஆள் யாராவது கல்யாணத்துக்கு வந்து, முகம் வேறாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்களா, நந்தகோபால் ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே "அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டியா?" என்று கேட்டாரா, எதுவும் தெரியாது.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் உண்மையைச் சொல்லட்டும், அல்லது உப்பு, பஸ், கன்னம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கட்டும். இரண்டில் எதை நீங்கள் எழுதினாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆற்றில் தண்ணீர் வந்த அந்த நாளை மட்டும் அவள் வாயில் வைத்துவிடாதீர்கள்.