மூன்று மணிப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பிள்ளைகள்.

"ஆறு" என்று எழுதியவர், அடுத்த வரியில் பள்ளியை மூடும்படி எழுதப் பேனாவை மையில் தோய்த்தார். ஆசிரியை மரியகுழந்தை அந்தப் பேனாவைப் பார்த்தாள். ஆண்டர்சன்பேட்டையில் தங்கச் சுரங்கக் கூலிகளின் குடிசை வரிசைகளில் வாசல் வாசலாகப் போய் நின்று, வசவெல்லாம் வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷமாகச் சேர்த்த பிள்ளைகள். ஒரு சொட்டு மையில் போய்விடுவார்களா?

"ஐயா, இந்த வாரம் பள்ளிக்கூடம் மூணு மணிக்கு. அப்பன்மாருக்குக் காலை ஷிப்டு. அம்மாமாரு குழிக்கு மேலே கல் பொறுக்கப் போயிருக்காங்க. கைக்குழந்தையைப் பார்த்துக்கிறதும் சுரங்க வாசலுக்குக் கஞ்சி கொண்டு போறதும் இந்தப் பசங்கதான். ரெண்டு மணிக்குச் சங்கு ஊதினா எல்லாரும் வந்துடுவாங்க."

"பள்ளிக்கூடம் பத்து முதல் நாலு வரை. சட்டம் அப்படித்தானம்மா."

சட்டம் எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கலயம் தூக்கியிருப்பாரா என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் வாசலில் நின்ற மேஸ்திரி காத்தவராயன் தொண்டையைச் செருமினார். வட ஆற்காட்டிலிருந்து இந்த ஜனங்களை வேலைக்குக் கூட்டிவந்தவர் அவர். எழுத்துப் படித்தால் எவன் குழிக்குள் இறங்குவான் என்று முதல் வருஷம் முழுக்க அவளை எதிர்த்தவரும் அவர்தான். அவள் விடவில்லை. கடைசியில் சனிக்கிழமைதோறும் அடுத்த வார ஷிப்டை அவளிடம் சொல்லி, அதற்கேற்ற பள்ளி நேரத்தைத் தமுக்கடித்து அறிவிக்கிறவராகிவிட்டார்.

"இன்னா சாமி, பள்ளிக்கூடத்தைப் பத்து மணிக்கு மாத்தணுமா? அப்போ சுரங்கத்தையும் பத்து மணிக்கு மாத்தச் சொல்லுங்க. நாங்க தயார்."

இன்ஸ்பெக்டர் முகம் சிவந்து எழுந்தார். வெளியே ஜட்கா நின்றது, குதிரையைக் காணோம். வண்டிக்காரன் கோவிந்தன் அதை அவிழ்த்து மேயவிட்டிருந்தான்.

"குதிரைக்குப் பசி சாமி. மூணு மணி ஆவும்," என்றான். அவன் மகளும் அந்தப் பதிவேட்டில் இருந்தாள்.

வெயில் கொளுத்தியது. வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார்.

சங்கு ஊதிச் சற்று நேரத்தில் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சிலர் கையில் காலிக் கலயம். கிருஷ்ணம்மாவின் இடுப்பில் தம்பி. அம்மா இன்னும் வீடு திரும்பவில்லை. வேண்டுமென்றே அவளைத்தான் இன்ஸ்பெக்டர் எழுப்பி, புத்தகத்தின் கடைசிப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். தம்பி முடியைப் பிடித்து இழுக்க இழுக்க, அவள் ஓர் எழுத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தாள்.

"நாற்பத்தொன்றா?" என்றார்.

"முப்பத்தொன்பது. ரெண்டு பேருக்குக் காய்ச்சல். காலையில ஆறுன்னு எழுதினீங்களே, இதையும் எழுதுங்க ஐயா," என்றாள் மரியகுழந்தை. அவள் அதோடு நிறுத்தவில்லை. "எழுதாம மூடினாலும் நாளைக்கு மூணு மணிக்கு நான் இங்கேதான் இருப்பேன். கொட்டகையைப் பிடுங்கினா மரத்தடியில இருப்பேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மீண்டும் மையில் தோய்த்தார். பிறகு முப்பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசமும் பதினோரு மணிக்குத்தான் வருவேன்," என்றார் விறைப்பாக.

"எந்த வாரம்னு முன்னாடியே சொல்லியனுப்புங்க. ஷிப்டைப் பார்த்து, நீங்க எத்தனை மணிக்கு வரணும்னு சொல்றேன்."