முறைத் தண்ணீர்

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுத்தான் வசந்தாமணி அடுப்பை விட்டு வெளியே வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை; கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை அவர்களுடையது. அவள் புருஷன் அப்புசாமியோ வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பாஸ்டர் தங்கசாமியோடு கிணற்று மேட்டில் நிற்கிறார். அப்படியானால் மோட்டாரைப் போட்டது யார்?

வேறு யார், அப்புசாமியின் அண்ணன் மயில்சாமிதான். மோட்டார் ரூம் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. எழுபத்தொன்பதாம் வருஷம் மழை பொய்த்திருந்தது; அடுத்து வந்த மாசியில் ஒரு பொழுது இறைத்தாலே கிணறு தரை தட்டிவிடும். அது தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு அந்தக் கிணற்றில் அப்புசாமியும் பண்ணையாள் மாதையனும் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பதாக ஏற்பாடு. எழுந்து வந்ததும் நிலக்கடலை போட்டுவைக்கும் கொட்டாயில் முதல் ஆராதனை. அதோடு ஊரில் பாப்டிஸ்ட் சபை தொடங்கிவிடும். குமாரபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பாஸ்டர் கிணற்றைக் குனிந்து பார்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தார். உள்ளே ஒவ்வொரு படியாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, தலையில நாலு சொட்டுத் தெளிச்சாப் பத்தாதுங்களா?" மாதையன் கிணற்றை விட்டுத் தள்ளியே நின்று கேட்டான்.

"நம்ம சபையில முழுகோணும் மாதையா. செத்தவனக் குழிக்குள்ள வெச்சுப் புது ஆளா எடுக்கற மாதிரி."

அப்புசாமி அண்ணனிடம் போனார். "அண்ணா, மோட்டார நிறுத்துங்க."

"நீ எந்தச் சாமிய வேணாலும் கும்புட்டுக்க. பண்ணையத்துல இருக்கறவன் நம்ம கெணத்துல முழுகுவான், அந்தத் தண்ணிய எம்பட புள்ளைங்க குடிக்கோணுமா?"

வசந்தாமணிக்கும் இந்த முழுக்கு பிடிக்கவில்லை. ஒரு மாதமாகப் புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைமுழுகுவது என்றால் உறவே வேண்டாமென்று விட்டொழிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியும். தன்னையும் தலைமுழுகத்தான் போகிறார் என்று தனியே அழுதிருக்கிறாள். மூத்தார் தடுப்பதும் நல்லதற்குத்தான் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியாக அவருடைய மஞ்சள் காட்டுக்குப் பாய்வதைப் பார்த்தாள். அவர்கள் முறைத் தண்ணீர்.

நேரே மோட்டார் ரூமுக்குள் போனாள். மெயின் சுவிட்சை இறக்கி, பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"அம்மிணி, நீயுமா அந்தப் பாஸ்டரு வேதத்துல சேந்துட்ட?"

"நான் எதுக்குங்க சேரறேன்? சாமி எதா வேணாலும் இருந்துட்டுப் போகட்டுங்க மாமா. இன்னைக்கு மொறை எங்குளுது."

மயில்சாமி எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று அவள் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கிணற்றில் இடுப்பளவு மிச்சமிருந்தது. "நீ மொதல்ல எறங்கு" என்று அப்புசாமி மாதையனை முன்னால் விட்டார். பாஸ்டர் அவனை மல்லாத்தி அமிழ்த்தி எடுத்தார். அடுத்து அப்புசாமியின் தலை தண்ணீருக்குள் போனது. மேலே நின்ற வசந்தாமணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம். திரும்பினாள். நிரம்பிக் கிடந்த தொட்டியில் மயில்சாமி வேட்டியோடு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எழுந்தார். மறுபடி முங்கினார். சுடுகாட்டுக்குப் போய் வந்த அன்றைக்கு முழுகுவாரே, அப்படி.

"வசந்தா" என்று கிணற்றுக்குள்ளிருந்து அப்புசாமி கூப்பிட்டார். நெடுநாள் கழித்துச் சிரிப்போடு வந்த குரல்.

மயில்சாமி தலை துவட்டவில்லை. கிணற்றுப் பக்கம் திரும்பவுமில்லை. வரப்பில் அவர் நடக்க நடக்க, காய்ந்த மண்ணில் ஈரத் தடம் விழுந்துகொண்டே போனது.