ஒலி டிரைவர் அமல்தாஸ்

ஞானப்பிரகாசத்தின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒலிக்கு ஒரு டிரைவர் இருந்தார். பெயர் அமல்தாஸ். மேசைக்குப் பின்னால், காக்கிச் சட்டையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஞாயிறுதோறும் மஸ்கட்டிலிருந்து தம்பி ரெக்ஸ் பேசுவான். அவன் பேச்சை அமல்தாஸ் வாங்கி இவரிடம் தருவார். இவர் பேச்சை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். வயதான ஆள். பாதி வார்த்தை வழியிலேயே கரகரவென்று உதிர்ந்துவிடும்.

“அம்மா அடக்கத்துக்குக்கூட வராத பயதானல நீ,” என்பார் ஞானப்பிரகாசம்.

“என்னண்ணே? கேக்கல.”

அதற்குள் கோபம் ஆறியிருக்கும். “சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

ஒருநாள் திரையில் அறிவிப்பு வந்தது. புதிய டிரைவர் தயார். ‘பிறகு’ என்று அழுத்தினார். மறுபடியும் வந்தது. அழுத்தி அழுத்தி ‘பிறகு’ தேய்ந்துபோயிற்று. ‘சரி’ மட்டும் மிச்சமிருந்தது. அதை அழுத்தினார்.

வாசலில் ஓர் இளைஞன் நின்றான். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. அமல்தாஸ் ஸ்டூலைத் துடைத்து அவனுக்கு விட்டார்.

“கெளம்புதேன் அண்ணாச்சி.”

ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம். ஞானப்பிரகாசம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

அந்த ஞாயிறு ரெக்ஸின் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. வழக்கமாகச் சொல்வதை இவர் சொன்னார். ஓர் எழுத்து உதிராமல் போய்ச்சேர்ந்தது.

மறுமுனையில் பேச்சில்லை. பேச்சில்லாததையும் புதியவன் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தான்.

“சரிண்ணே,” என்றான் ரெக்ஸ். அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

“பழைய ஆளத் திரும்பக் கூப்பிடலாமா தம்பி?” என்று புதியவனிடம் கேட்டார்.

“தாராளமா சார். அவரு வந்தா நான் எந்திரிச்சிருவேன்.”

தேடிப் போனார். நடக்க நடக்கத் தெரு நீண்டது. கடைசி வீட்டில் அமல்தாஸ் இருந்தார். இப்போது பிரிண்டர் டிரைவர்.

“திரும்பி வந்திருங்க அமல்தாஸ். நீங்க இல்லாம என் தம்பி போயிட்டான்.”

அமல்தாஸ் அவரையே பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு தாள் மெல்ல வெளியே வந்தது. வெறும் தாள்.

“மை தீந்து ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி,” என்றாள் அந்த வீட்டுக்காரம்மா. “என்ன சொல்லுதாருன்னு எங்களுக்கும் தெரியல.”

தாள் சூடாக இருந்தது. அடுத்தது வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஞானப்பிரகாசம் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்.