நாலாம் கட்டையில் திரும்பியவன்

திருகோணமலை முழுவதற்கும் அரச சாரணர் ஒருவர்தான் இருந்தார். அவர் அருளம்பலம் மாஸ்டர். சாரணியத்தின் உச்சப் படியான அந்தக் கிரீடச் சின்னத்தை, மூன்றாம் தடவை சோதனைக்குப் போய் வாங்கியவர். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. வயிறு காக்கிச் சட்டையின் பொத்தான்களோடு தினமும் சண்டை பிடிக்கிறது. ஆனாலும் கலியாண வீடோ செத்த வீடோ, எங்கே போனாலும் சின்னம் நெஞ்சில் இருக்கும்.

இந்த நிலையில் அபூதாஹிர் என்ற பதினாலு வயதுப் பொடியன், அவரிடமே சாரணியம் பழகி, எல்லாச் சோதனைகளையும் ஊதித் தள்ளிவிட்டு வந்து நின்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்? நீச்சல், முதலுதவி, கொடிச் சைகை, ஒன்றிலும் பிழை பிடிக்க முடியவில்லை. சமைத்த சோறு குழைந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தார். அதற்குள் இரண்டு கோப்பை சாப்பிட்டு முடித்திருந்தார்.

மிஞ்சியது வயது. இந்த வயதில் உச்சிக்கு ஏற்றினால் தலைக்கனம் பிடித்துவிடும், பக்குவம் வரட்டும், இரண்டு வருசம் பொறுக்கட்டும் என்று காண்கிறவர்களிடமெல்லாம் கதைத்தார். பொடியனுக்கோ பொறுக்க நேரமில்லை. அடுத்த மாதம் அவனைக் கிண்ணியாவில் மாமாவின் கடையில் இருத்தப்போவதாக வாப்பா சரீப் முடிவு செய்துவிட்டார். கடைக்குப் போனால் சாரணியமும் இல்லை, சின்னமும் இல்லை.

மாஸ்டர் கடைசியாக நடைச் சோதனையைப் பிடித்தார். கண்டி வீதியால் தம்பலகாமம் வரை தனியே நடக்க வேண்டும். இடையில் திரும்பினால் தோல்வி. யானை நடமாடும் பாதை, வாப்பா விடமாட்டார் என்று கணக்குப் போட்டார். வாப்பா விட்டுவிட்டார்.

பொடியன் விடியமுன் புறப்பட்ட அந்த நாள், 1942 ஏப்ரல் ஒன்பது. அன்று காலைதான் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான்.

சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கண்டி வீதியால் ஓடியது. மாஸ்டர் சனத்தோடு ஓடினார் என்றால் அது பொய். சனத்துக்கு முன்னால் போனார், மாட்டுவண்டியில், மனைவி இரத்தினேஸ்வரிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில். நாலாம் கட்டையில், அதாவது நாலாவது மைல்கல்லடியில், எதிரே அபூதாஹிர் வந்தான். குண்டுச் சத்தம் கேட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மாஸ்டர் மனைவியின் சேலைத் தலைப்புக்குள் தலையை இழுத்துக்கொண்டார். பொடியன் நின்று, மூன்று விரலால் சாரணர் வணக்கம் வைத்துவிட்டு நடந்தான். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

அபூதாஹிர் ஒரு கிழமை வீட்டுப்பக்கமே போகாமல் ஆஸ்பத்திரியில் தண்ணீர் அள்ளினான், காயக்காரரைத் தூக்கினான். ஊர் அடங்கியபின் தம்பலகாமத்திலிருந்து திரும்பி வந்த மாஸ்டரோ, அன்று காலை தான் துறைமுகத்தடியில் நின்று சனத்துக்கு வழிகாட்டியதாகச் சொல்லித் திரிந்தார்.

பொடியனுக்குச் சின்னம் கொடுப்பதா என்று தீர்மானிக்க மட்டக்களப்பிலிருந்து சாரணர் ஆணையாளர் வீரசிங்கம் வந்தார். வந்ததும் வராததுமாக அவரிடமும் மாஸ்டர் துறைமுகக் கதையை அவிழ்த்துவிட்டார். ஊருக்குள் ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு வீட்டு விறாந்தையில் கதிரைகள் போட்டார்கள். சாரணர் குழு முழுவதும் சுற்றி நின்றது. ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்ட வீரசிங்கம் தலையாட்டத் தொடங்கியதும் மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. எழும்பினார்.

"நடைச் சோதனை முடியேல்லை. நாலாம் கட்டையிலை திரும்பிட்டான். சட்டமெண்டால் சட்டம்தான்."

உண்மையா என்று வீரசிங்கம் பொடியனைக் கேட்டார்.

"ஓம் சேர். திரும்பிட்டன்."

மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். அவன் அங்கேதான் திரும்பினான் என்பதற்குச் சாட்சி உண்டோ என்று வீரசிங்கம் ஒப்புக்குக் கேட்டார்.

"ஏன் இல்லை? நானே என்ரை கண்ணாலை கண்டனான்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது மாஸ்டரின் காதுக்கு எட்டியது.

"அண்டைக்குக் காலமை துறைமுகத்தடியிலை நிண்டதெண்டெல்லோ சொன்னீங்கள்," என்றார் வீரசிங்கம். "நாலாம் கட்டையிலை என்ன செய்தனீங்கள்?"

மாஸ்டர் விறாந்தைத் தூணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பொடியன்கள் சிரிப்பை அடக்கிக் கொண்டு நின்றார்கள். அபூதாஹிருக்குத்தான் மனம் கேட்கவில்லை. தன்னைப் பழக்கிய மனிதரைக் காப்பாற்ற முன்னுக்கு வந்தான்.

"மாஸ்டர் சோதனையை முடிச்சவர், சேர். இடையிலை திரும்பாமல் தம்பலகாமம் வரைக்கும் போனவர்."

வீரசிங்கம் சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே அபூதாஹிரை அரச சாரணனாக அறிவித்து, முதலில் கைகொடுக்கும்படி மாஸ்டரைக் கூப்பிட்டார். சாரணர்கள் இடது கைதான் கொடுப்பார்கள். மாஸ்டர் இரண்டு கையாலும் பொடியனின் கையைப் பிடித்தார்.