இசைவாணியின் இடது தோள்

கண்ணாலே பார்த்தால் தீராது, வாயாலே சொன்னால் ஆறாது, அப்படி ஒரு எரிச்சல் ஆரோக்கியசெல்விக்கு. எல்லாம் ஒரு கரும்பலகையால் வந்தது.

திண்டிவனத்தில் பெண்கள் ரக்பி அணி ஒன்று இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ சோறு தண்ணி மறந்து பின்னால் அலைகிறவர்கள். பக்கா அடி விழுகிற ஆட்டம்; பந்தோடு ஓடி வருகிறவளைத் தோளால் மோதிச் சாய்ப்பதற்கு டேக்கிள் என்று பெயர். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்காக ஏழு நாள் பேசுவார்கள். விழுப்புரம் அணியோடு மோதல் என்றால் கேட்கவே வேண்டாம், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிற கதைதான்.

மைதானத்து வாசலில் அந்தப் பலகையை மாட்டியது செல்வி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். கைக்காசைப் போட்டு வாங்கி, தானே ஆணி அடித்தாள். ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அதில் கணிப்பு எழுத வேண்டும்: யார் ஜெயிப்பார்கள், பத்துக்கு எவ்வளவு நிச்சயம், ஏன். போட்டோ எடுத்து இரண்டு ஊர் ரசிகர்கள் குரூப்பிலும் போடுவார்கள். இரண்டு விஷயம் மட்டும் பலகை ஏறக் கூடாது. ஒன்று பணப் பந்தயம். இன்னொன்று ஆட்டக்காரிகளின் உடம்பு சமாச்சாரம். எதிராளியும் படிக்கிற பலகை அல்லவா? இந்தச் சட்டத்தைப் போட்டதும் சாட்சாத் செல்விதான்.

மூன்று வருஷம் அவள் ராஜ்ஜியம். கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவன்கூட, “இன்னாக்கா, இந்த வாட்டி யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அப்புறம் வந்து சேர்ந்தான் ரித்தீஷ். செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம். பழைய ஆட்டத்தையெல்லாம் போனில் திரும்பத் திரும்பப் பார்த்து ஒரு நோட்டில் குறிப்பான். ‘திண்டிவனம், பத்துக்கு ஆறு. மழை வந்தால் என் கணக்கு தப்பும்’ என்று எழுதுவான். இதெல்லாம் ஒரு கணிப்பா? வழுக்கி விழுகிறவன் முன்கூட்டியே பாய் விரித்துக்கொள்கிற மாதிரி இல்லையா?

ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. டவுன் பஸ் ஓட்டும் அப்பாதுரை ஒரு முறை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பந்தயம் கட்டப் போனபோது, “அண்ணே, நான் ஆறுன்னு எழுதுனா நாலு தடவ தோப்போம்னு அர்த்தம். இதை நம்பி சங்கிலிய வைக்காதீங்க” என்று அவன் தடுத்தான். அன்றே திண்டிவனம் தோற்றது. அப்பாதுரை சங்கிலியை முத்தமிட்டுவிட்டு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். தப்பாகக் கணித்தவனுக்குத் தோளில் சவாரி! மூன்று வருஷம் சரியாகச் சொன்னவளுக்கு ஒரு டீ வாங்கித் தர நாதி இல்லை. செல்வி வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தையெல்லாம் டமால் டமால் என்று கழுவினாள்.

இந்த நிலையில்தான் மாவட்ட இறுதி ஆட்டம் வந்தது. திண்டிவனமும் விழுப்புரமும். திண்டிவனத்தின் கேப்டன் இசைவாணி, செல்வியின் கூடப்பிறந்த தங்கை. மாநில முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை பயிற்சி முடிந்து வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையை இறக்கிக் காட்டினாள். இடது தோள் புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

“கோச்சாண்ட சொன்னா உக்கார வெச்சிடுவாருக்கா. இந்த ஒரு ஆட்டம். யாராண்டயும் மூச்சு உடாத.”

“அடிப்பாவி! இத்தோட எப்படி டேக்கிள் போடுவ?”

“வலது பக்கமே வர்ற மாதிரி நின்னுக்கிறேன். எவளுக்குத் தெரியப் போவுது?”

செல்வி தைலம் தேய்த்துவிட்டாள். நிஜமாகவே மனசு பதறித்தான் தேய்த்தாள், அதில் பொய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் போவதற்குள் ரித்தீஷ் எழுதி முடித்திருந்தான்: ‘திண்டிவனம், பத்துக்கு ஏழு. கேப்டனின் டேக்கிள்.’ சுற்றி இருபது பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். “ரித்தீஷ் ஏழு போட்டுட்டாருப்பா! ஆறுக்கு மேல போவாத மனுசன்!” என்று அப்பாதுரை குதித்தார். அப்புறம்தான் செல்வியைப் பார்த்தார். “நீயும் ஒண்ணு எழுதுக்கா, எடம் இருக்குது.”

இடம் இருக்கிறதாம்! அவள் வாங்கிய பலகையில் அவளுக்கு இடம் இருக்கிறதாம். செல்விக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சாக்பீஸைப் பிடுங்கினாள். ‘விழுப்புரம், பத்துக்கு ஒன்பது. இசைவாணி இடது பக்கம் டேக்கிள் போட மாட்டாள்.’

வீங்கின தோள் என்று எழுதவில்லையே, ஆட்டத்தைத்தானே எழுதினேன் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். ஆத்திரக்காரிக்கும் சமாதானம் வேண்டியிருக்கிறதே.

ரித்தீஷ் நோட்டைப் புரட்டினான். “அக்கா, போன அஞ்சு மேட்ச்லயும் அவங்க இடது பக்கந்தான் அதிகம் போட்டிருக்காங்க. எதை வெச்சு சொல்றீங்க?”

“நோட்ட மூடிட்டுக் கண்ணத் தொறந்து பாரு, தெரியும்.”

கூட்டம் ‘ஓ’ என்று கத்தியது. எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு! அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் திண்டிவனம் பன்னிரண்டுக்கு ஐந்து என்று முன்னால் நின்றது. ஆள் எடுக்க வந்தவர்கள் இசைவாணியைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். செல்விக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பலகையில் எழுதின ஒன்பது உறுத்தவும் செய்தது. அக்காவாக இருப்பதா, கணிப்புக்காரியாக இருப்பதா?

இரண்டாவது பாதியில் விழுப்புரத்துக் கேப்டன் மலர்விழி ஏதோ சைகை காட்டினாள். அதன்பிறகு பந்து கிடைத்தவள் எல்லாம் இசைவாணியின் இடது பக்கமாகவே ஓடி வந்தாள். முதல் தடவை தாங்கினாள். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தாள், ஐந்து புள்ளி போயிற்று. கடைசி நிமிஷத்தில் மலர்விழியே பந்தோடு நேரே அந்தத் தோள்மீது வந்து மோதினாள். இசைவாணி விலகியிருக்கலாம், விலகவில்லை. அலறின அலறல் வாசல் வரை கேட்டது. மலர்விழி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாள், அதற்கப்புறம் உதைத்த உதையும் சரியாக விழுந்தது, மொத்தம் ஏழு புள்ளி. பதினேழுக்குப் பன்னிரண்டு, விழுப்புரம்.

“அக்கா! அப்படியே சொன்னியேக்கா!” அப்பாதுரை ஊர் தோற்ற துக்கத்தையும் மறந்து செல்வியின் கையைப் பிடித்து உலுக்கினார். ஜனம் சூழ்ந்துகொண்டது. ரித்தீஷ்கூட வந்து, “தப்பு என்னுதுதாங்க்கா. எனக்குப் புலப்படவே இல்ல” என்றான், ஒரு துளி பொறாமை இல்லாமல். அதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, தோழி ஒருத்தி தாங்க, இசைவாணி வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மலர்விழி ஓடி வந்தாள், பாவம், கள்ளம் கபடு தெரியாத பெண். “ரொம்ப வலிக்குதாடி? சாரிடி. போர்டுல போட்டிருந்தாங்க, அதான் அந்தப் பக்கமே போனோம். இவ்ளோ அடி இருக்குதுன்னு சத்தியமா தெரியாது.”

இசைவாணி பலகையைப் பார்த்தாள். அக்காவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவளுக்கு ‘அ’னா போடக் கற்றுக் கொடுத்த கை அது. வெகுநேரம் படித்தாள், இருப்பது ஒரு வரிதான்.

“இசை, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் வா, ஆட்டோ கூப்புடுறேன்” என்று செல்வி கிட்டே போனாள்.

இசைவாணி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ரித்தீஷின் பக்கம் திரும்பி, “அண்ணா, உங்க கார் இருக்குதா? எங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரில உட்டுடுறீங்களா?” என்றாள்.

“நானும் வர்றேன்டி,” என்றாள் செல்வி.

“வேணாங்க்கா. அங்க டாக்டராண்ட எங்க வலிக்குதுன்னு சொல்லணும்.” குரலில் கோபமே இல்லை. “நீ பக்கத்துல இருந்தா எனக்குச் சொல்ல வராது.”

கார் கிளம்பிப் போயிற்று. செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் அப்பாதுரை விஷயம் ஒன்றும் புரியாமல் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார். “இனிமே நீதாங்க்கா! அடுத்த மேட்ச்சுக்கு நீ எழுதுனாதான் நாங்க நம்புவோம்!”

“எனக்கு வேணாம்ணே,” என்றாள் செல்வி. “ரித்தீஷையே எழுதச் சொல்லுங்க.”

“அவருதான் உன் தங்கச்சிய இட்டுக்கினு போயிட்டாரேக்கா,” என்றார் அப்பாதுரை.